ஐஸ் கம்பெனிக்காரர்கள் எரிமலை ஏறியது

முள்ளந்துறையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், இடது கைப்பக்கம், வாசல் எப்போதும் ஈரமாகக் கிடக்கிற கட்டடம்தான் ஐஸ் கம்பெனி. முதலாளி பேர் அய்யம்பெருமாள். அவர் மனைவி வடிவு. வடிவின் தம்பி நம்பிராசன் அங்கே மெஷின் ஓட்டுகிறான். கொம்பையா ஐஸ் வண்டி ஓட்டுகிறான். நாலு பேரும் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்ல வாய்ப்பு வராது.

அந்த வருஷம் கம்பெனியில் ஐஸ் உறையவில்லை. கட்டியை வெளியே எடுத்தால் நடுவில் தண்ணீர் தளும்பும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உறைந்துவிட்டதா என்று நாலு பேரும் மாறி மாறித் தொட்டிப் பலகையைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உறையவில்லை என்று தெரிந்ததும் கவலைப்பட்டு இன்னும் அடிக்கடி திறந்து பார்த்தார்கள். படகுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து ஊர் ஐஸுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு சீசன் இப்படிப் போனால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான் என்று அய்யம்பெருமாள் சோறு இறங்காமல் இருந்தார்.

அப்போதுதான், கம்ப்ரசர் விற்கிற கம்பெனி ஒன்று நடத்திய குலுக்கலில் அவர்களுக்குப் பரிசு விழுந்தது. கடல் தாண்டி எங்கேயோ ஒரு தேசத்தில் பனி மூடிய எரிமலை ஏறுகிற சாகசப் பயணம், நாலு பேருக்கு. மலையின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். அய்யம்பெருமாள் படத்தைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவில்லை.

"நம்பிராசா, இந்த வெள்ளையா இருக்கே, என்னல அது?"

"ஐஸு, அத்தான்."

"மேல மரத்தூள் போட்டிருக்கானா?"

"போடல."

"சாக்காவது?"

"சாக்கும் இல்ல. தொறந்த வெயில்ல கெடக்கு."

அய்யம்பெருமாளுக்குத் தலை சுற்றியது. அவ்வளவு ஐஸ், மூடி கூட இல்லாமல், உருகாமல்! கொம்பையா எட்டிப் பார்த்துவிட்டு, "உச்சியில பொகை வருதே முதலாளி" என்றான்.

நாலு பேரும் புகையைப் பார்த்தார்கள். 

"ஜெனரேட்டர்" என்றான் நம்பிராசன்.

அவ்வளவுதான். உச்சிக்குப் போய், அந்த ஜெனரேட்டரை ஓட்டுகிற ஆளைப் பார்த்து, தொழில் நுணுக்கத்தைக் கேட்டு வந்துவிட்டால் கம்பெனி பிழைத்துக்கொள்ளும். தொட்டியைக் காவல்காரன் வேலாண்டியிடம் ஒப்படைத்து, "நாங்க வர்ற வரைக்கும் பலகையைத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு கூடார முகாம். அங்கே இவர்களுக்கு வழிகாட்டி தயாரூபன். பருத்தித்துறையில் பிறந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அந்த மலையில் போய் நின்றுவிட்டவன். அந்த நாட்டிலேயே தமிழ் பேசுகிற வழிகாட்டி அவன் ஒருவன்தான் என்று தேடிப் பிடித்திருந்தார்கள். மொழிச் சிக்கலே வராது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

"அண்ணை, அக்கா, எல்லாரும் நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ" என்று ஆரம்பித்தான் ரூபன்.

யாழ்ப்பாணத்துப் பக்கம் 'வடிவா' என்றால் ஒழுங்காக, நன்றாக என்று அர்த்தம். இது எனக்கும் உங்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. மூன்று ஆண்களும் வடிவைப் பார்த்தார்கள். வடிவு ஒரு அடி முன்னால் வந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்கத் தயாரானாள். மற்ற மூவரும் வேறு பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏங்க, என் பேரு இவருக்கு எப்படித் தெரியும்?" என்று வடிவு கிசுகிசுத்தாள்.

"பாஸ்போர்ட்டுல பாத்திருப்பாரு."

"வடிவுங்காம வடிவாங்காரே?"

"வெளிநாட்டுல இருக்காருல்லா. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவாங்க."

ரூபன் தொடர்ந்தான். "முதல்லை எல்லாரும் சப்பாத்தைப் போடுங்கோ. கெதியாப் போடுங்கோ. அவசரப்பட்டாலும் வடிவாப் போடவேணும், சரியோ?" சப்பாத்து என்று அவன் சொன்ன, பனியில் நடக்கிற முள் வைத்த பூட்ஸைக் காட்டிவிட்டு, கயிறு எடுத்துவரக் கூடாரத்துக்குள் போனான்.

"என்ன சொல்லுதாரு?" என்றான் கொம்பையா.

"சப்பாத்தி போடணுமாம். வடிவுதான் போடணுமாம்" என்றார் அய்யம்பெருமாள்.

"பின்ன பூட்ஸை எதுக்குக் காட்டினாரு?"

"கால்ல எதையாவது மாட்டிக்கிட்டு அடுப்பாங்கரைக்குப் போகச் சொல்லுதாரு. தரை சில்லுன்னு இருக்குல்லா."

வடிவு முகாம் சமையல்கூடத்துக்குப் போனாள். அங்கிருந்த சமையல்காரருக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு அவர் பாஷை தெரியாது. ஆனால் கோதுமை மாவுக்கு எந்த பாஷையும் வேண்டியதில்லை. ரூபன் கயிற்றோடு வந்து, வெறுங்காலோடு பனியில் நடுங்கிக்கொண்டிருந்த மூன்று ஆண்களைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, வடிவு ஒரு தட்டு நிறையச் சுடச்சுடச் சப்பாத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தம்பி, வடிவா போட்டாச்சு."

ரூபன் தட்டைப் பார்த்தான். அவர்கள் கால்களைப் பார்த்தான். பிறகு ஒரு சப்பாத்தியை எடுத்துச் சத்தமில்லாமல் சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவனே குனிந்து நாலு பேருக்கும் பூட்ஸ் மாட்டிவிட்டு, கயிற்றையும் அவனே கட்டினான். அதை வடிவாக் கட்டச் சொல்லாமல் விட்டது அவன் செய்த புண்ணியம்.

ஏறத் தொடங்கினார்கள். முன்னால் ரூபன், பின்னால் அய்யம்பெருமாள், வடிவு, நம்பிராசன், கடைசியில் கொம்பையா.

"பனிக்குக் கீழை வெடிப்பு இருக்கும். நான் கால் வச்ச இடத்திலைதான் நீங்களும் கால் வைக்கவேணும். ஒரு அடி தப்பினாலும் ஆபத்து" என்றான் ரூபன்.

இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் வைத்த தடத்திலேயே ஒரு விரல்கடை பிசகாமல் வைத்து வந்தார்கள். ரூபன் ஒரு இடத்தில் வழுக்கி இரண்டடி பின்னுக்கு வந்தான். அவர்களும் ஆளுக்கு இரண்டடி பின்னுக்கு வந்தார்கள். தட்டையான ஒரு இடத்தில் ரூபன் கயிற்றை அவிழ்த்து, எல்லோரையும் இளைப்பாறச் சொல்லிவிட்டு, தனியாக ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினான். மனுஷன் என்றால் அதற்கும் போகத்தானே வேண்டும். பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் எதேச்சையாகத் திரும்பினான். பின்னால் வரிசையாக நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் அய்யம்பெருமாள்.

"ஏன் இஞ்சை வந்தனியள்!" என்று அலறினான் ரூபன்.

"நீங்க கால் வச்சீங்க தம்பி" என்றார் அய்யம்பெருமாள் பணிவாக. வடிவு மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். காலைத்தானே தடத்தில் வைக்கச் சொன்னார், கண்ணை வைக்கச் சொல்லவில்லையே என்பது அவள் நியாயம்.

மறுபடி கயிறு கட்டி, செங்குத்தான சரிவுக்கு வந்தார்கள். ரூபன் ஆளுக்கொரு பனிக்கோடாலி கொடுத்தான். "விழுந்தால் உடனை கோடாலியைப் பனியிலை குத்துங்கோ. குத்தினால் அப்படியே நிண்டிடலாம்."

பாதிச் சரிவில் கொம்பையாவின் கால் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் கீழே போக ஆரம்பித்தான்.

"ஏல கொம்பையா, விழுந்திட்டியா?" என்று மேலேயிருந்து அய்யம்பெருமாள் கேட்டார்.

"இல்ல முதலாளி, சறுக்குதேன்."

"அப்பக் குத்தாத. விழுந்தாத்தான் குத்தச் சொல்லியிருக்காரு."

கயிறு விறைத்தது. நம்பிராசனும் உட்கார்ந்தான், அவனும் போனான். அடுத்து வடிவு. அடுத்து அய்யம்பெருமாள். நாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக, ஊர்வலம் போகிற மாதிரி, மடியில் கோடாலியை வைத்துக்கொண்டு சறுக்கினார்கள். மேலே ரூபன் ஒருவன்தான் கோடாலியைக் குத்திக்கொண்டு குப்புறக் கிடந்தான். நாலு பேர் பாரமும் அவனை இழுத்தது. கோடாலி பனியை உழுதுகொண்டு வந்தது.

"அத்தான், சறுக்குறதும் விழுறதும் ஒண்ணுன்னு சொல்லுவாங்களே?" என்று நம்பிராசன் போகிற போக்கில் கேட்டான்.

"யாரு சொன்னா? விழுந்தா அடிபடும். உனக்கு அடிபட்டிருக்கா?"

"இல்ல."

"உனக்கு வடிவு?"

"எனக்கு நல்லாத்தாங்க இருக்கு."

கீழே சரிவு முடிகிற இடத்தில் நீலமாக ஒரு வெடிப்பு வாயைத் திறந்துகொண்டிருந்தது. ரூபனுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

"குத்துங்கோ! குத்துங்கோ!"

"இன்னும் விழலையே தம்பி!"

"அப்ப விழுந்து குத்துங்கோ!" என்று ரூபன் அடித்தொண்டையில் கத்தினான்.

அப்படித் தெளிவாகச் சொன்னால் அவர்கள் செய்யாமல் இருப்பார்களா? சறுக்குகிற வேகத்திலேயே நாலு பேரும் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றார்கள். பிறகு முறைப்படி தொப்பென்று விழுந்து, கோடாலியைக் குத்தினார்கள். வெடிப்பின் விளிம்பில் கயிறு நின்றது. கொம்பையாவின் பூட்ஸ் வெடிப்புக்குள் தொங்கியது.

"இப்ப விழுந்திட்டேன் முதலாளி" என்று அவன் தகவல் சொன்னான்.

ரூபன் கொஞ்ச நேரம் பனியில் முகம் புதைத்துக் கிடந்தான். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டான். அய்யம்பெருமாளின் முகம் விழுந்துவிட்டது. "தம்பி, ஊர்ல எங்க பொழப்பே போச்சு. மேல போய் ஒரு ஆளைப் பாத்துட்டு வந்திட்டோம்னா பொழைச்சுக்கிடுவோம்" என்றார். மேலே ஆள் யாரும் கிடையாது என்று ரூபன் சொன்னான். சாப்பிடப் போயிருப்பான், வரட்டும், காத்திருந்து பார்க்கிறோம் என்றார் அவர். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல ரூபனுக்கு மனசு வரவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே பெரிய பனிக்கூரை ஒன்று தலைக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. ரூபன் விரலை உதட்டில் வைத்தான். "இதாலை போகேக்கை ஒருத்தரும் கதைக்கக் கூடாது. சத்தம் கேட்டால் பனி சரிஞ்சு எல்லாரையும் மூடிப்போடும்." சொல்லிவிட்டு நடந்தான். கயிறு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்று ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"கதை சொல்லக் கூடாதாம்" என்றார் அய்யம்பெருமாள்.

"எனக்குத்தான் கதையே தெரியாதே" என்றான் கொம்பையா.

"விடுகதை போடலாமா?" என்றாள் வடிவு.

"விடுகதைக்குள்ளயும் கதை இருக்கே அக்கா" என்றான் நம்பிராசன்.

"நேத்து நடந்ததைச் சொன்னா கதையா?"

"நடந்ததைச் சொன்னா நியூஸு. நடக்காததைச் சொன்னாத்தான் கதை."

"அப்ப நான் வண்டியில கூவுறதைக் கூவலாம்லா? அதுல கதை ஒண்ணும் கிடையாதே" என்றான் கொம்பையா. மூன்று பேரும் யோசித்துப் பார்த்தார்கள். அதில் எந்தக் கதையும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ரூபன் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவன் வந்து சேர்வதற்குள் கொம்பையா, துறைமுகத்தில் கடைசிப் படகுக்கும் கேட்கிற குரலில், "ஐஸேய்ய்ய்!" என்று கூவினான்.

மலை அதைக் கேட்டது. பனிக்கூரை முழுசாகப் பெயர்ந்து, இடி மாதிரி இரைந்துகொண்டு இறங்கியது. ரூபன் போகச் சொன்ன பாதையை அப்படியே வழித்துக்கொண்டு போனது. இவர்கள் பேச்சை விடாமல் நின்ற இடத்தில் மட்டும் ஒரு துளி விழவில்லை.

"கூப்பிட்டதும் வருது பாருல" என்றார் அய்யம்பெருமாள் பிரமித்துப் போய். "நம்ம ஊர்ல வாசல்ல போய் நின்னாலும் கிடைக்க மாட்டேங்கு."

ரூபன் கயிற்றைச் சுண்டிவிட்டு மேலே நடந்தான். பேசிப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தான்.

உச்சி வந்தது. மலையின் வாய் அகலமாகத் திறந்து கிடந்தது. கந்தக நாற்றம் மூக்கை அறுத்தது. நாலு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அடியாழத்தில் புகைக்கு நடுவே செக்கச்செவேல் என்று எதுவோ கனன்றது.

நம்பிராசன்தான் முதலில் புரிந்துகொண்டான். மெஷின் ஓட்டுகிறவன் இல்லையா? "அத்தான், ஜெனரேட்டர் காயில் செவந்து போச்சு. ஓவர்லோடு."

"ஆளு எங்கல?"

"ஒருத்தரையும் காணோம்."

அய்யம்பெருமாளுக்குத் தன் கஷ்டம் மறந்துவிட்டது. நுணுக்கம் கேட்க வந்ததும் மறந்துவிட்டது. "அடப்பாவி, இவ்வளவு பெரிய பிளான்ட்டை ஆளில்லாம போட்டுட்டுப் போயிருக்கானே! கருகிப் போகுமே! நம்ம மெஷினா இருந்தா பாத்துக்கிட்டு நிப்போமா?"

நிற்கவில்லை. ரூபன் கொஞ்சம் தள்ளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நாலு பேரும் இரண்டு கையாலும் பனியை அள்ளி அள்ளி எரிமலைக்குள் எறிந்தார்கள். வடிவு முந்தானை நிறையக் கட்டிக்கொண்டு வந்து கொட்டினாள்.

"என்ன செய்யிறியள்?"

"கூல் பண்ணுதோம் தம்பி. நீங்களும் ஒரு கை போடுங்க."

அந்த நேரம் பார்த்து மலைக்கு என்ன தோன்றியதோ, புகை மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நின்றேவிட்டது. மலைகள் சில நேரம் அப்படி மூச்சுப் பிடிப்பதுண்டாம். நாலு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். வடிவுதான் திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, ஜெனரேட்டர் நின்னுட்டே. அப்ப ஐஸு?"

நாலு பேரும் மெல்லக் குனிந்து, தாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்தார்கள்.

அப்புறம் இறங்கியதை இறக்கம் என்று சொல்ல முடியாது. ரூபனையும் கயிற்றோடு சேர்த்து இழுத்துக்கொண்டு உருண்டு வந்து முகாமில் விழுந்தார்கள். "உருகுது! ஓடுங்க! மொத்தமும் உருகுது!" என்று கத்தினார்கள். முகாமில் இருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எரிமலையிலிருந்து நாலு பேர் அப்படி ஓடிவந்தால் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. சமையல்காரர் கரண்டியோடு வண்டியில் ஏறினார். சற்று நேரத்தில் முகாமில் இவர்கள் ஐந்து பேரும், காற்றில் ஆடுகிற கூடாரங்களும்தான் மிச்சம்.

சாயங்காலம் வரை ரூபன் விளக்கிச் சொன்னான். அது ஜெனரேட்டர் இல்லை, பூமிக்குள் இருக்கிற நெருப்பு என்றான். "நெருப்பு மேல எப்படித் தம்பி ஐஸ் நிக்கும்?" என்று அய்யம்பெருமாள் இரக்கத்தோடு கேட்டார். படித்த பையன் இப்படிச் சொல்கிறானே என்று அவருக்கு வருத்தம்.

அப்போதுதான் ஊரிலிருந்து வேலாண்டி போன் பண்ணினான். "முதலாளி, ஐஸு பாறை மாதிரி உறைஞ்சு கெடக்கு! கடப்பாரை போட்டாலும் ஏற மாட்டேங்கு. படகுக்காரங்க எல்லாரும் திரும்ப வந்து வாசல்ல நிக்காங்க."

அய்யம்பெருமாள் போனை வைத்தார். சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவர், முகம் கறுத்து உட்கார்ந்துவிட்டார்.

"இங்க மெஷின் நின்னுச்சு. அங்க ஐஸ் உறைஞ்சிருச்சு. என்னல அர்த்தம்?"

"இங்க இருந்த குளிர்ச்சி அங்க போயிருச்சு, அத்தான்."

"அதான். ஊரான் குளிர்ச்சியை எடுத்துட்டோம். திருட்டுல்லா!" அதைக் கேட்டு வடிவு அழுதாள்.

மறுநாள் காலையில் ரூபன் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது ஒருவரையும் காணவில்லை. மலையை அண்ணாந்து பார்த்தான். சரிவில் நாலு புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முகாமின் டீசல் கேன்களில் ஆளுக்கொன்று முதுகில் தொங்கியது.

மூச்சிரைக்க ஓடிப் பிடித்தான். "அண்ணை, உங்களைக் கும்பிடுறன், இறங்குங்கோ" என்று அவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே உச்சியில் புஸ்ஸென்று புகை கிளம்பியது.

"ஓடுது!" என்றான் கொம்பையா. "டீசலே ஊத்தலையே, யாரு ஓட்டுதா?"

ரூபனுக்குக் கடைசியில் ஒரு யோசனை பிறந்தது. உண்மையைச் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. "புது ஆபரேட்டர் வந்திட்டார், அண்ணை. இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்தவர். கெட்டிக்காரன். இனி ஒரு பயமும் இல்லை. வாங்கோ, போவம்."

நாலு பேரும் கேன்களை இறக்கிவைத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்கள். அய்யம்பெருமாள் உச்சியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ரூபனுக்கும் அப்பாடா என்று இருந்தது. கீழே திரும்பினான்.

"பாவம், இந்தக் குளிர்ல ஒத்தையில கெடக்காரு. ஒரு வாய் டீ குடுக்க ஆளிருக்காது" என்றாள் வடிவு. பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள்.

மூன்று ஆண்களும் கோடாலியைக் கையில் எடுத்தார்கள். சீனி போட்டதா, போடாததா, அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டே மேலே நடக்க ஆரம்பித்தார்கள்.

ரூபன் அங்கேயே நின்றான். புகையைப் பார்த்தான். அவர்களைப் பார்த்தான். மறுபடி புகையைப் பார்த்தான். பிறகு இரண்டு எட்டில் அவர்களைப் பிடித்து, வடிவின் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினான்.

"அக்கா, அந்தாளுக்கு உதவிக்கு ஒருத்தனாவது இருப்பான்" என்றான். "இந்தத் தேத்தண்ணி ரெண்டு பேருக்குக் காணாது."